அலகு உடைந்த குயிலும் நான் அழுத அழுகையும்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, இதை முழுக்கப் படித்த பிறகும் உங்களை அப்படியே அழைக்க அனுமதிப்பீர்கள் என்ற நம்பிக்கையில், பணிவான வணக்கம்.

நீங்களும், சம்பந்தியம்மாவும், என் வருங்கால மருமகளும், உங்கள் மருந்துக்கடையும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி நலம், மகன் நலம். என்னை மட்டும் கேட்காதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை. டிவியில் விழா விளம்பரம் வந்தாலே எழுந்து போய் வாசல் விளக்கை அணைத்துவிட்டு வருகிறேன். விளம்பரத்துக்கும் வாசல் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை இசை விருது விழாவை டிவியில் காட்டப்போகிறார்கள். கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, குடும்பத்தோடும் பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரரோடும் உட்கார்ந்து பார்க்கப்போவதாகச் சொன்னீர்கள். உட்காருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் மகனுக்கு விருது கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று நான் போனில் கத்தியது உண்மை. அழுதுகொண்டே கத்தியதும் உண்மை. விருது மட்டும்தான் உண்மையில்லை.

இதை மறுநாளே போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்கள் என்னைப் பேச விட்டீர்களா? "இருங்க சம்பந்தி, உங்க குரலக் கேக்கணும்னு ஒருத்தர் நிக்கிறாரு" என்று, தலைவலி மாத்திரை வாங்க வந்தவரிடம் போனைக் கொடுத்தீர்கள். அவர் வாழ்த்திவிட்டு, இருமல் மருந்துக்கு நின்ற ஒரு அம்மாவிடம் கொடுத்தார். தன் பெண்ணும் நன்றாகப் பாடுவாள், தம்பியிடம் சொல்லி ஒரு வாய்ப்பு வாங்கித் தாருங்கள் என்று அந்த அம்மா கேட்டார், கேட்கும்போதே இருமினார். போன் உங்களிடம் திரும்பி வந்தபோது, கடை உரிமம் மாட்டியிருக்கிற சுவரில், உரிமத்துக்குப் பக்கத்திலேயே, என் மகன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டதாகச் சொன்னீர்கள். "ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உங்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இந்த விருது நம் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாங்கள் முதன்முதலாக உங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்ட விஷயத்தை, நாம் பெரியவர்கள் புதிதாகப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தோம். "தம்பி என்ன பண்றாரு?" என்று கேட்டீர்கள். பாட்டு மிக்ஸிங் பண்றான் என்றேன். "பாடுவாரா?" இல்லை என்றேன். "ஏதாவது வாசிப்பாரா?" இல்லை. "பாட்டு எழுதுவாரா?" அதுவும் இல்லை. "அப்ப அந்தப் பாட்டுல இவரு எங்கதான் இருக்காரு?" நான் என் மனைவியைப் பார்த்தேன், அவள் மின்விசிறியைப் பார்த்தாள். பையன்தான் நிதானமாக, "தனித்தனியா பாடி வாசிச்சத எல்லாம், எது எவ்வளவு கேக்கணும்னு பாத்துச் சேக்கறது என் வேலை அங்கிள். ஒழுங்கா செஞ்சா நான் அதுல இருக்கறதே தெரியாது" என்றான். "தெரியாத வேலைன்னா சொந்தக்காரங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்று சிரித்தீர்கள். நாங்கள் செருப்பு மாட்டும்போது, "விருது கிருது ஏதாவது வந்தா சொல்லுங்க, மேற்கொண்டு பேசுவோம்" என்றீர்கள். நீங்கள் விளையாட்டாகச் சொன்னீர்களோ என்னவோ, உங்கள் மகள் முகம் சுருங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை நான் பார்த்தேன். அதனால் விருதுக்குப் போட்டியிடுகிறவர்களில் என் பையனும் ஒருவன் என்று தெரிந்த நாளிலிருந்து, எனக்கு இந்த விருதுதான் கல்யாணம்.

விழா மாலையில்தான். எங்களை மட்டும் மதியமே வரச் சொல்லியிருந்தார்கள். அரங்கத்துக்குள் போனால் நாற்காலிகளில் ஆள் இல்லை, முகம் மட்டும் இருந்தது. எந்தப் பிரபலம் எங்கே உட்காருவார் என்று கேமராக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமாம், ஒவ்வொரு நாற்காலியிலும் அவரவர் படத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். என் மனைவி கால் வலிக்கிறது என்று அக்கடாவென்று உட்கார்ந்த இடம், எல்லோரும் இசைச் சூறாவளி என்று கொண்டாடுகிற பெரிய இசையமைப்பாளரின் முகம். காதில் கருவி மாட்டிய ஒரு பெண் ஓடிவந்து, "அம்மா, எந்திரிங்க, சார் மேல உக்காந்திருக்கீங்க" என்றாள். என் மனைவி பதறி எழுந்தாள். அந்த முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருந்தது.

எங்களைப் பின்வரிசையில், முகமே ஒட்டாத நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதே பெண் மறுபடி வந்து என்னிடம், "அப்பா, நீங்க அழுவீங்களா?" என்று கேட்டாள். எதற்கம்மா அழ வேண்டும் என்றேன். "சந்தோஷத்துலதான்பா." சந்தோஷம் வந்தால் அழுவேன் என்றேன். "அது போதும்" என்று காதுக் கருவியில் யாருக்கோ, "பின்வரிசையில ஒரு அப்பா நல்லா வருவாரு போல" என்று சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் மேடையில் அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்தார். "இந்த ஆண்டின் சிறந்த ஒலிக்கலவைக்கான விருதைப் பெறுபவர்..." என்று இழுத்து நிறுத்தி, என் மகன் பெயரைச் சொன்னார்!

சம்பந்தி, உங்கள் மகள் பெயரை யாராவது ஒலிபெருக்கியில் அப்படிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அரைக்கால் சட்டைக்காரர் ஏன் விருது கொடுக்கிறார் என்று ஆராய்ந்துகொண்டிருப்பீர்களா? எங்கள்மேல் வெளிச்சம் விழுந்தது. எங்கிருந்தோ கைதட்டல் வந்தது. பையனைக் கட்டிப்பிடித்தேன், மனைவியைக் கட்டிப்பிடித்தேன், அந்தப் பக்கம் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரையும் கட்டிப்பிடித்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னான், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, "சும்மா இருடா, அப்பா பாத்துக்கறேன்" என்றேன். "சூப்பர்! அந்தப் பெரியவர் பிரமாதம்!" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்காக என்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகு வெளியே ஓடி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று உங்களைத்தான் முதலில் கூப்பிட்டேன். என் அண்ணனுக்குக்கூட அப்புறம்தான்.

திரும்பி உள்ளே வந்தால், அதே அரைக்கால் சட்டைக்காரர் அதே விருதுக்கு வேறொருவர் பெயரை வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குடும்பம் குதிக்கிறது. சரி, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று, நேரே போய் அந்தத் தகப்பனார் கையைப் பிடித்துக் குலுக்கி, எங்களுக்கும் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்றாவதாக ஒரு பெயர். அந்தப் பையனின் தாயார் அழுது முடித்ததும், லைட் சரியில்லை, இன்னொரு தடவை அழுங்கள் என்றார்கள். "மறுபடியுமா? கொஞ்சம் இருப்பா, கண்ணுல சொட்டு மருந்து விட்டுக்கிட்டு வரேன்" என்று அந்த அம்மா கைப்பையைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. யார் ஜெயித்தாலும் காட்டுவதற்கு வசதியாக, போட்டியிலிருக்கும் எல்லோர் வீட்டு ஆனந்தக் கண்ணீரையும் மதியமே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் வழக்கமாம். தோற்ற முகத்தையும் எடுத்தார்கள். "பெருந்தன்மையா கைதட்டுங்க, ஆனா ரொம்பப் பெருந்தன்மை வேணாம்" என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் முன்பே பழகியவன்போலச் செய்தான். "அதத்தான்பா அப்பவே சொன்னேன், இது ஒத்திகைன்னு. யாருக்காவது போன் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டான். நான் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டேன்.

உடனே உங்களுக்குச் சொல்லியிருப்பேன், அதற்குள் எல்லோர் போனையும் பையில் போட்டு வாங்கிவிட்டார்கள். வாங்கியிராவிட்டால் சொல்லியிருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான். ஒருவேளை நிஜமாகவே பையனுக்கே கிடைத்துவிட்டால் நான் பொய் சொன்னவன் ஆகமாட்டேன், கொஞ்சம் சீக்கிரம் சொன்னவன் ஆவேன், அவ்வளவுதானே என்று மனசு கணக்குப் போட்டது.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் சிரிப்பதை வைத்தே கல்லில் குறை இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அன்று மாலை அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, இந்தக் கூட்டம் மொத்தத்தையும் ஒரு தராசில் ஏற்றிப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. சிறந்த பாடகர் என்று ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் இறங்குவதற்குள், ரசிகர்களின் சிறந்த பாடகர் என்று இன்னொருவருக்கு. நடுவர்களின் சிறப்புப் பாடகர் என்று மூன்றாமவருக்கு. யாருக்கும் மனம் கோணக் கூடாதாம். வாழ்நாள் சாதனை விருது வாங்கியவருக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை. நம்பிக்கை தரும் புதுமுகம் என்று மேடையேறியவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றினார்கள். ஆழமான பாடல் வரிகளுக்கான விருதைத் தண்ணீர்த் தொட்டிக் கம்பெனி வழங்கியது. தேன்குரல் என்று பெயரெடுத்த பாடகி வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்று சிறந்த பாடகி விருதை நெடுநேரம் தள்ளிக்கொண்டே போனார்கள். அவர் வரவில்லை, பாதி வழியில் திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும், அரங்கத்தில் கைக்கெட்டின தூரத்தில் இருந்த இன்னொரு பாடகிக்கு அது போய்விட்டது. அவரும், "இத நான் எதிர்பாக்கவே இல்ல" என்றார். அந்த மேடையில் பேசப்பட்ட உண்மை அது ஒன்றுதான்.

விருது என்பது தங்க நிறத்தில் ஒரு குயில். யார் வாங்கினாலும் அந்தக் குயிலுக்கு அலகு நுனி உடைந்திருக்கிறதே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் காதுக் கருவிப் பெண், மேடையின் பின்பக்கமாக வெளியே வந்து, எங்கள் வரிசையைக் கடந்து முன்பக்கம் ஓடினாள். செருப்பு வார் அறுந்துவிட்டது. "அப்பா, ஒரு நிமிஷம் இதப் பிடிங்க" என்று குயிலை என் கையில் கொடுத்தாள். மேடைக்கு ஒரே குயில்தான். வாங்குகிறவர்கள் முன்னால் முத்தம் கொடுத்துவிட்டு, பின்னால் போய்த் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெயர் போட்ட நிஜக் குயில் பிறகு வருமாம், போன வருடத்து ஆட்களுக்கே இன்னும் வந்தபாடில்லை என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே வெறும் காற்று. எங்கள் வீட்டு வாசல் பூட்டு அதைவிடக் கனம்.

சூறாவளி வந்தார். அவர் தன் முகத்தின்மேல் தானே உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து, அவர் ஆட்களாகவே மேடையேறினார்கள். ஒலிக்கலவை விருதும் வந்தது. கொடுக்க வந்தவர் ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளி. "இந்தப் பாட்டுல அந்த வயலின் இருக்கே, அப்படியே தூக்கத்தக் கொண்டுவந்திரும்" என்றார். அந்தப் பாட்டில் வயலினே கிடையாது என்று என் பையன் காதோரம் சொன்னான். சூறாவளியிடம் வேலை பார்க்கும் ஒருவர் பெயரை வாசித்தார்கள். அவர் போய்க் குயிலை வாங்கி, சூறாவளி இல்லாவிட்டால் உலகத்தில் காதே இருந்திருக்காது என்கிற மாதிரி பேசினார். என் பையன் மதியம் சொல்லிக்கொடுத்த அதே அளவுப் பெருந்தன்மையோடு கைதட்டினான். யாரும் அவனைப் படமெடுக்கவில்லை. ஏற்கெனவேதான் எடுத்தாகிவிட்டதே. இருந்தாலும் அவன் தட்டினான். அதைப் பார்த்தேன் சம்பந்தி. மதியம் அழுத அழுகையெல்லாம் ஒன்றுமில்லை. அப்போதுதான் நிஜமாக அழ வேண்டும்போல் இருந்தது, அப்போது பார்த்து ஒரு சொட்டுகூட வரவில்லை.

வீட்டுக்கு வரும்போது வாடகைக் காரில் பையன் மிக்ஸிங் செய்த பாட்டே ஓடியது. டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். "நல்ல பாட்டு இல்ல சார்?" என்று கேட்டார். பையன் "ம்" என்றான். யார் பாடியது என்று கேட்டார், அதை மட்டும் சொன்னான். மறுநாள், நீங்கள் படம் மாட்டிய விஷயம் தெரிந்ததும்தான் என்னிடம், "மருந்துக்கடை அங்கிள்கிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா. அவர் படத்தக் கழட்டுறப்ப நான் அங்க இருக்கக் கூடாது" என்றான்.

ஆகவே இதன்மூலம் சொல்லிவிட்டேன். நேர்மையாகச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள். வாடிக்கையாளர்கள் கேட்டால் சம்பந்திக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தாராளமாகச் சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கல்யாணத்தை மட்டும் இறக்கிவிடாதீர்கள். உள்ளே காற்றடைத்த ஒரு குயிலை, அதுவும் திருப்பிக் கொடுக்க வேண்டிய குயிலை, வைத்தா நம் பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பது? முத்திரை போடாத கல்லிலும் சரியான எடை இருக்கும், நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். என் சர்வீஸில் ஒரு பொய்க் கல்லுக்கு நான் முத்திரை போட்டதில்லை. இந்த விருதுக்கு என்னைச் சோதிக்கச் சொன்னால், பறிமுதல் செய்து நசுக்கிப் போடச் சொல்வேன். இனிமேல் அந்த டிவிக்காரர்கள் காலில் விழுந்து கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பைச் சொல்லுங்கள். மருமகளுக்கு எங்கள் இருவரின் ஆசிகள். கண்ணாடிக்கடைக்காரருக்கு என் வருத்தத்தைத் தெரிவியுங்கள். நீங்கள் நீண்ட ஆயுளோடும், என்மேல் கொஞ்சம் இரக்கத்தோடும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் சம்பந்தி
(நீங்கள் சரி என்றால்)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் சமயத்தில் போன் வந்தது. காதுக் கருவிப் பெண்தான். இசைச் சூறாவளி போட்டி சேனலில் பாட்டு நிகழ்ச்சிக்கு நடுவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இவர்களுக்குக் கோபம் தலைக்கேறி, அவரையும் அவர் ஆட்கள் வாங்கின விருதுகளையும் ஒளிபரப்பிலிருந்து ஒன்றுவிடாமல் வெட்டித் தூக்கிவிட்டார்களாம். ஒலிக்கலவை விருதுக்கு இப்போது காட்ட ஆள் இல்லை. மதியம் எடுத்த எல்லோர் அழுகையையும் போட்டுப் பார்த்ததில், "உங்களோடதுதான்பா சூப்பரா வந்திருக்கு, எங்க டைரக்டரே கண்ணத் துடைச்சுக்கிட்டாரு. அதனால அவார்டு உங்க பையனுக்குத்தான்" என்றாள். நடுவர் குழு என்று ஒன்று இருந்ததே அம்மா என்றேன். "அவங்களுக்கும் சொல்லிடுவோம்பா" என்றாள். பையன், வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றான். சும்மா இருடா என்றேன். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைதான், இன்றைக்குப் பலித்துவிட்டது.

ஆகவே, போனில் நான் உங்களிடம் சொன்னதே உண்மை என்று ஆகிவிட்டது. மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் நேர்மையானவன் என்பதற்கு இதைவிட்டால் வேறு அத்தாட்சி இல்லையே, அதனால் சேர்த்தே அனுப்புகிறேன். கல்யாணம் முடிந்த பிறகு எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். படத்தை இறக்கியிருந்தால் மறுபடி மாட்டிவிடுங்கள், முன்னைவிடப் பெரிதாகவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலை டிவி அலுவலகத்திலேயே திரை கட்டி, பையன் விருது வாங்குவதைப் படமெடுக்கிறார்கள். அதே குயில்தான். அலகுப் பக்கம் கைவைத்து மறைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முன்வரிசைக்கு நல்ல குடும்பமாகக் கொஞ்சம் ஆள் வேண்டுமாம், உங்கள் நினைவுதான் உடனே வந்தது. நீங்கள், சம்பந்தியம்மா, மருமகள் எல்லோரும் வந்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், கேமராவுக்குக் கூசுமாம். அழ வருமா என்று கவலைப்படாதீர்கள், பக்கத்தில் நான் இருப்பேன். எதற்கும் கடையிலிருந்து கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து ஒரு புட்டி எடுத்து வாருங்கள்.